கணுக்காலில் கட்டிக்கொள்ளச் சிறிய துப்பாக்கி: 38 ரிவால்வரா, 380 பிஸ்டலா?

பங்க் பாண்டியன் (சான் அன்டோனியோ)

சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு பெட்ரோல் நிலையமும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறேன். குடியுரிமை உண்டு, கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சஸ் தரும் எல்டிசி உரிமமும் உண்டு. ஆகவே சட்டப் பாடம் வேண்டாம், துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசலாம்.

இப்போது இடுப்பில் சிக் சாவர் பி365 பிஸ்டல் வைத்துக்கொள்கிறேன். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் என் உடம்பில். முன்னே தொந்தி, பின்னே வட்டு விலகிய முதுகு. காரில் உட்கார்ந்தால் பிடி வயிற்றில் குத்துகிறது. குளிர்பெட்டியில் பால் அடுக்கக் குனிந்தால் சட்டை மேலேறி எல்லாம் வெளியே தெரிகிறது. அண்மையில் ஒரு மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு, வாங்க எடுத்த ரொட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனவே கணுக்கால் உறைக்கு மாற நினைக்கிறேன். கடைப் பணத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லும் கார்ப் பயணம்தான் என் முக்கியக் கவலை. மனத்தில் இருப்பவை நான்கு: 38 ரிவால்வர்களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர்; 380 பிஸ்டல்களில் ரூகர் எல்சிபி மேக்ஸ், கிளாக் 42. எதை வாங்கலாம்? எந்த உறை நல்லது? உண்மையில் காலில் கட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

சிலிண்டர் சிவம் (டாலஸ்)

642. இழையை மூடிவிடலாம்.

சரி, காரணமும் சொல்கிறேன், இல்லாவிட்டால் கில்லீன்காரர் வந்து சண்டை பிடிப்பார். கணுக்கால் என்பது உடம்பிலேயே மிக அழுக்கான இடம். தரைத் தூசி, காலுறைப் பஞ்சு, வியர்வை, மழைச் சேறு எல்லாம் அங்கேதான் சேரும். பிஸ்டலில் ஸ்லைடு எனப்படும் மேல்பகுதி முன்னும் பின்னும் ஓட வேண்டும். பஞ்சும் மணலும் சேர்ந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். ரிவால்வரில் விசையை இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழல்கிறது, சுத்தியல் அடிக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் இன்னொரு முறை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

642இல் சுத்தியல் சட்டத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது. பேன்ட் துணியில் மாட்டிக்கொள்ள எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத எஃகுச் சிலிண்டர், ஐந்து தோட்டா, காலியாக எடை ஏறத்தாழ 408 கிராம். இதே துப்பாக்கியின் கறுப்பு வடிவம் 442. அதன் சிலிண்டர் கரிம எஃகு. வியர்வைக் காலில் கட்டுவதற்கு 642தான் ஏற்றது.

விரலால் தள்ளும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நீளமாக, கனமாக இழுக்க வேண்டிய விசை அது. அந்த நீளமும் கனமும்தான் பாதுகாப்பு.

கில்லீன் கிளாக்கர்

சண்டைக்கு வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன்.

ரிவால்வர் அழுக்கைத் தாங்கும் என்பது பாதி உண்மை. சிலிண்டருக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒரு சிறு கல் புகுந்தால் அதுவும் நின்றுவிடும். பிஸ்டல் நின்றால் ஸ்லைடை ஒரு முறை இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ரிவால்வர் உள்ளுக்குள் நின்றால் திருப்புளியும் வேலைமேசையும் வேண்டும். எதுவாக இருந்தாலும் வாரம் ஒருமுறை துடைக்கத்தான் வேண்டும். துடைக்காதவனுக்கு எந்தத் துப்பாக்கியும் உதவாது.

இப்போது கணக்குக்கு வருவோம். எல்சிபி மேக்ஸ் காலியாக ஏறத்தாழ 300 கிராம். மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில் பத்து, குழலில் ஒன்று. உங்கள் 642 அதைவிட நூறு கிராம் கனம், தோட்டா பாதிகூட இல்லை. அகலத்திலும் சிலிண்டர் 1.3 அங்குலம், எல்சிபி ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இடுப்பில் நூறு கிராம் தெரியாது. காலில், அதுவும் ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்கும் காலில், நன்றாகவே தெரியும்.

1986 ஏப்ரல் 11, மயாமியில் எஃப்பிஐக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையை இங்கே எல்லோரும் படித்திருப்பீர்கள். கார்கள் மோதியதில் ஹான்லன் என்ற அதிகாரி தன் முதன்மைத் துப்பாக்கியை இழந்தார். கையில் மிஞ்சியது ஐந்து தோட்டாக்கள் கொண்ட குட்டை 38. அதைச் சுட்டுத் தீர்த்து மறுபடி நிரப்பும்போதுதான் கையில் குண்டு வாங்கினார். ஐந்து போதும் என்று சொல்பவர்கள் அந்த நிமிடத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சிலிண்டர் சிவம் (டாலஸ்)

அவருக்கு அந்த நேரத்தில் கையில் ஒரு துப்பாக்கி இருந்ததே அந்தக் குட்டை 38ஆல்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மேலும் அது வங்கிக் கொள்ளையர் இருவரைத் துரத்திய எட்டு அதிகாரிகளின் சண்டை. எதிரே இருந்தவனிடம் மினி-14 என்ற நீளத் துப்பாக்கி. பாண்டியன் அண்ணன் மயாமிக்குப் போகவில்லை, வங்கிக்குப் போகிறார்.

380 தோட்டா 1908இல் வந்தது. சட்டைப்பை பிஸ்டலுக்கு என்று பிறந்தது. உடம்பில் பட்டதும் விரிய வேண்டிய குழித்தலைத் தோட்டா விரிந்தால் ஆழம் போகாது, ஆழம் போனால் விரியாது. மயாமிக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்தபடி, சோதனை ஜெல்லில் தோட்டா பாய வேண்டிய பன்னிரண்டு அங்குல ஆழத்தைக் குட்டைக் குழல் 380 பல சமயம் எட்டுவதில்லை.

கில்லீன் கிளாக்கர்

குட்டைக் குழல் 38 மட்டும் என்னவாம்? இரண்டு அங்குலம்கூட இல்லாத குழலில் பல தோட்டாக்கள் விரிவதே இல்லை. ஸ்பியர் நிறுவனம் நியூயார்க் காவலர்களின் குட்டை ரிவால்வர்களுக்கென்றே 135 கிரெயின் (தோட்டா எடையின் அளவு) தோட்டா தனியாகச் செய்ய வேண்டி வந்தது எதனால்? அந்த பிளஸ் பி, அதாவது கூடுதல் அழுத்தத் தோட்டாவை 400 கிராம் துப்பாக்கியில் சுட்டால் உள்ளங்கை என்ன ஆகிறது என்பதையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

ரேஞ்ச் வாத்தியார் (ஹூஸ்டன்)

இரண்டு தம்பிகளும் சற்று மூச்சு விடுங்கள். கேட்டவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது.

பாண்டியன், இதைப் படிக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியே வலது கையால் இடது கணுக்காலின் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிந்தால் பேன்ட் விளிம்பை மேலே இழுத்துப் பாருங்கள். அதன்பின் காரில் ஏறி, பெல்ட் போட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து அதையே செய்யுங்கள். அதன்பின் நின்றபடி.

நான் எல்டிசி வகுப்பு எடுப்பவன். கணுக்கால் உறையோடு வருபவர்களில் பலர் இடுப்பில் வைக்க முடியாததால் அங்கே போனவர்கள். காரணம் தொந்தி, முதுகு, முழங்கால். அந்த மூன்றும்தான் கணுக்காலை எட்டவிடாமல் தடுப்பவையும். நின்ற நிலையில் எடுப்பதானால் ஒரு காலை முன்வைத்து, பேன்டைத் தூக்கி, ஒற்றை முழங்காலில் இறங்கி எடுக்க வேண்டும். முதுகில் வட்டு விலகியவர் அந்த நிலையிலிருந்து எப்படி எழுந்து ஓடுவார்?

கணுக்கால் உறை பிறந்தது காவலர்களின் இரண்டாவது துப்பாக்கிக்காக. முதல் துப்பாக்கி இடுப்பில் இருக்கும். அது பறிபோனால், கீழே விழுந்து மல்லாந்து கிடந்தால், காரில் சிக்கிக்கொண்டால் காலிலிருந்து எடுப்பார்கள். ஒரே துப்பாக்கியை அங்கே வைப்பதென்றால் அது மெதுவாகத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொண்டு வைக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அது நல்ல இடம்தான், அதை மறுக்கவில்லை. பெல்ட் போட்ட நிலையில் இடுப்பை எட்டுவதைவிடக் காலை எட்டுவது பலருக்கு எளிது. பலருக்கு என்றேன், உங்களுக்கு என்று சொல்லவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எச்1பி ஏகாம்பரம் (ஆஸ்டின்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாமே. அப்படியானால் நானும் ஒரு எல்சிபி வாங்கலாமா?

நெறியாளர்

கூடாது. டெக்சஸின் உரிமமற்ற அனுமதி சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களுக்குத்தான். குடியேற்றம் சாராத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை இணையத்தில் கேட்டு முடிவு செய்யாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நண்பரோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் "வைத்திருத்தல்"தான். கிரீன் கார்டு வந்த பிறகு கதை வேறு.

இன்னொன்று. 2021க்குப் பிறகும் எல்டிசி வாங்கிவைப்பதில் பலன் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் மாநில உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. நகரத்துக்குள் கார் ஓட்டினால் அந்த ஆயிரம் அடியைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது.

நர்ஸ் நாச்சியார் (பிளேனோ)

காலில் துப்பாக்கி கட்டுவது பற்றி ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலி நான். கணுக்காலில்தான் வைத்திருந்தேன், இப்போதும் சில நாள் வைக்கிறேன். உடை பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

எங்கள் சீருடைக் காற்சட்டைகளில் இரண்டு வகை. அடிப்பகுதி நேராக இருப்பது ஒன்று, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து இறுக்கியது ஒன்று. இரண்டாவது வகையில் கணுக்கால் உறை நடக்கவே நடக்காது. ஆண்களின் இன்றைய இறுக்கமான ஜீன்ஸிலும் அப்படித்தான். பூட்கட் அல்லது நேரான பேன்ட் வேண்டும். நீளமும் நிற்கும்போது போடும் அளவைவிட ஓர் அங்குலம் கூட வேண்டும். உட்கார்ந்தால் பேன்ட் மேலேறிவிடும், கால்மேல் கால் போட்டால் இன்னும் ஏறும். ஜூலை மாத டெக்சஸில் அரைக்கால் சட்டை போடுபவரானால் இந்த இழையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுடிதார் அணிபவர்களுக்குப் பலாஸோ சரி வரும், சுருக்கு வைத்த கீழ்ப்பகுதி சரி வராது. புடவையில் மறைப்பது மிக எளிது. எடுப்பதற்குள் கொள்ளைக்காரன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்.

அதைவிடப் பெரிய சிக்கலை வெள்ளைக்காரர்களின் குறிப்புகளில் பார்க்க மாட்டீர்கள். நம்மவர் வீட்டுக்குப் போனால் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். காலணியோடு சேர்த்துப் பார்க்கும்போது தெரியாத புடைப்பு வெறுங்காலில் தெரிகிறது. பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வார்கள். பேன்ட் முழங்கால்வரை ஏறும். பக்கத்தில் குழந்தைகள் தவழ்ந்துகொண்டிருக்கும். கோயில், கொலு, வளைகாப்பு, பிறந்தநாள் என்று வாரக்கடைசி முழுவதும் நமக்கு இதுதான். அந்த நாள்களில் நான் எதையும் கட்டிக்கொண்டு போவதில்லை. காரில் இருக்கைக்கு அடியில் திருகிப் பொருத்திய சிறு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகிறேன்.

கில்லீன் கிளாக்கர்

தங்கை சொல்வது சரி. கோயில் வாசலில் 30.06 பலகை, அதாவது துப்பாக்கியை மறைத்து எடுத்து வரத் தடை சொல்லும் டெக்சஸ் சட்டப் பலகை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மறைத்து எடுத்துப் போவதும் குற்றம். பலகை இல்லாவிட்டாலும் அர்ச்சனைத் தட்டோடு குனிந்து விழுந்து கும்பிடும் இடத்தில் எனக்கு மனம் வராது.

பங்க் பாண்டியன் (சான் அன்டோனியோ)

வாத்தியார் ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன்.

நாற்காலியில்: இடது காலை வலது முழங்கால்மேல் போட்டால் கை எளிதாக எட்டுகிறது. காலைத் தரையில் வைத்தபடி எட்டுவதற்குத் தொந்தி அனுமதிக்கவில்லை. காரில்: ஸ்டியரிங் தடுப்பதால் காலை மேலே போட முடியவில்லை. இருக்கையை முழுவதும் பின்னே தள்ளினால் பாதி வருகிறது, ஆனால் அப்படித் தள்ளி வைத்தால் பிரேக் எட்டவில்லை. நின்றபடி: முழங்காலில் இறங்கினேன். எழுவதற்குச் சிகரெட் அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் மனைவி இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனி என்ன, கபடியா?" என்று கேட்டார்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. குறைந்தபட்சம் எடையாவது காலில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? உறைக்கே நிறைய டாலர் ஆகிறது.

சிலிண்டர் சிவம் (டாலஸ்)

முதலில் உறை வாங்க வேண்டாம். நீளக் காலுறைக்கு உள்ளே அரைக் கிலோ பருப்புப் பொட்டலத்தை ஒரு பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டி ஒரு நாள் கடையில் நில்லுங்கள். தோட்டா நிரப்பிய 642 ஏறத்தாழ 480 கிராம், உறையையும் சேர்த்தால் அரைக் கிலோவைத் தாண்டும். நடை மாறுகிறதா, கால் சிவக்கிறதா என்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

உறை பற்றி: கால்கோவின் ஆங்கிள் குளோவ் மாதிரி உள்ளே நியோப்ரீனும் ஆட்டுத்தோல் மெத்தையும் வைத்தது நல்லது. டிசான்டிஸ் அப்பாச்சி அதைவிட மலிவு, எலாஸ்டிக். தொங்கி இறங்காமல் இருக்கக் கெண்டைக்காலில் கட்டும் மேல்பட்டை தனியாக விற்பார்கள். உங்கள் கால் குச்சியாக இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். உறைக்கு உள்ளே நீளக் காலுறை போடாவிட்டால் இரண்டே நாளில் சொறி வரும். உறையின் மூடி விசையை முழுவதும் மறைக்க வேண்டும். எலாஸ்டிக் பட்டை மட்டும் சுற்றி, விசைக்காப்பு வெளியே தெரியும் மலிவு உறைகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரேஞ்ச் வாத்தியார் (ஹூஸ்டன்)

உறை விசையை மறைக்க வேண்டும் என்ற வரியை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதியில் பிளாக்ஸிகோ பர்ரெஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் உறையே இல்லாமல் பேன்டில் கிளாக்கைச் செருகியிருந்தார். அது நழுவ, பிடிக்கப் போய்த் தொடையில் சுட்டுக்கொண்டார். அவரிடம் அங்கே செல்லுபடியாகும் உரிமமும் இல்லை, சிறைக்கும் போனார். அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றிப் பந்தைப் பிடித்த கை அது.

பாண்டியன், உங்கள் சோதனையின் முடிவை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் காரில் உங்கள் காலை எட்ட முடியவில்லை. பிறகு 642ஆ எல்சிபியா என்ற கேள்வி எதற்கு?

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, முன்பக்கப் பாக்கெட். கடையில் நிற்கும்போது பாக்கெட்டில் கை விட்டபடி நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கை ஏற்கெனவே பிடியில் இருக்கும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது, பாக்கெட் உறை கட்டாயம். ஆனால் காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் பாக்கெட்டும் கடினம். இரண்டு, காருக்கு மட்டும் கணுக்கால். அதற்கும் நீங்கள் எட்ட வேண்டும்.

"கடையில் பாக்கெட், காரில் கால்" என்று யாராவது மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து இன்னோர் உறையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் விரல் தவற ஒரு வாய்ப்பு. கார் நிறுத்துமிடத்தில் குனிந்து அதைச் செய்பவரைப் பார்க்கும் ஆளும் ஒருவன் இருப்பான்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வங்கிக்கு ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே பையோடு போகிறீர்களா?

பங்க் பாண்டியன் (சான் அன்டோனியோ)

மதியம் இரண்டரை மணி. கூட்டம் குறையும் நேரம். பையும் ஒன்றுதான்.

ரேஞ்ச் வாத்தியார் (ஹூஸ்டன்)

அப்படியானால் துப்பாக்கியைவிட முதலில் மாற்ற வேண்டியது அதுதான். நேரத்தை மாற்றுங்கள், வழியை மாற்றுங்கள், பணத்தைச் சேரவிடாமல் கடையில் துளை வைத்த பெட்டகம் ஒன்றைத் தரையில் பதியுங்கள். வசதி இருந்தால் கவச வண்டி நிறுவனம் ஒன்றிடம் விடுங்கள். கல்லாவில் எவனாவது துப்பாக்கியை நீட்டினால் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே நீட்டப்பட்ட துப்பாக்கிக்கு எதிரே காலிலிருந்து எடுத்து ஜெயித்தவர் என்று என் வகுப்பில் ஒருவரையும் காட்டி நான் பாடம் எடுத்ததில்லை.

ஸ்கார்பரோ தம்பி

அண்ணைமாரே, நாங்கள் கனடாவில் இதையெல்லாம் படித்துப் பெருமூச்சு விடத்தான் முடியும். இங்கே 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கம். என்னிடம் அதற்கு முன் வாங்கிய ஒன்று உண்டு. பூட்டுப் போட்டு, அதைப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கும் பூட்டுப் போட்டு, ரேஞ்சுக்குக் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவர வேண்டும். காலில் கட்டினால் அந்தக் காலோடு நேரே சிறைதான்.

ஒரு கேள்வி. காவலர் மறித்தால் காலில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி எப்படிச் சொல்வீர்கள்?

கில்லீன் கிளாக்கர்

நல்ல கேள்வி. டெக்சஸில் அதிகாரி அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசி அட்டையையும் நீட்ட வேண்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்மேல், உள்விளக்கு எரியட்டும். "உரிமம் உண்டு, துப்பாக்கி இடது கணுக்காலில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "கன்" என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்காதீர்கள். எக்காரணம் கொண்டும் காட்டுவதற்காகக் குனியாதீர்கள். அதிகாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் கைக்கு எட்டாத இருட்டில் எதையோ தேடுகிறீர்கள்.

நர்ஸ் நாச்சியார் (பிளேனோ)

காலில் எதையாவது கட்டியே ஆக வேண்டும் என்றால் அண்ணனுக்கு ஒரு யோசனை. கணுக்காலுக்கென்றே முதலுதவிப் பட்டைகள் விற்கிறார்கள். அதில் ஒரு டோர்னிக்கே (இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை), அழுத்துக் கட்டு, கையுறை வைக்கலாம். நான் ஒரு காலில் அதைத்தான் நிரந்தரமாகக் கட்டுகிறேன். துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரத்தத்தை நிறுத்தத் தெரியாமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. கார் விபத்து, கண்ணாடி வெட்டு, பெட்ரோல் நிலையத்தில் கத்திக்குத்து, எதற்கும் அது உதவும். இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் "ஸ்டாப் தி பிளீட்" பயிற்சி பல மருத்துவமனைகளில் இலவசமாக நடக்கிறது, ஒரு பிற்பகல் போதும். இந்த இழையில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

சிலிண்டர் சிவம் (டாலஸ்)

போகவில்லை. போகிறேன், தங்கையே.

பங்க் பாண்டியன் (சான் அன்டோனியோ)

பருப்புப் பொட்டலத்தோடு ஒரு நாள் கடையில் நின்றேன். காலை முழுவதும் மறந்தே போனது. பிற்பகலில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, ஏணியில் ஏறும்போது எதிலோ இடித்தது. இரவு மனைவி அந்தப் பருப்பிலேயே சாம்பார் வைத்துவிட்டார்.

பிறகு ரேஞ்சில் நான்கையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். ஏழு கஜத்தில் கிளாக் 42தான் மிகச் சாந்தம், குழிகள் நெருக்கமாக விழுந்தன. எல்சிபி மேக்ஸில் முன் குறி நன்றாகத் தெரிகிறது, ஆனால் என் சுண்டுவிரலுக்கு இடமில்லை, கை நழுவுகிறது. எல்சிஆரின் விசை 642ஐவிட மென்மையாக உருள்கிறது. சிவம் கோபப்பட வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன். இரண்டு ரிவால்வரும் பிளஸ் பி தோட்டாவில் உள்ளங்கையை அறைந்தன. வாட்கட்டர் எனப்படும் தட்டைத்தலை 148 கிரெயின் போட்டதும் இரண்டும் ஆட்டுக்குட்டி ஆகிவிட்டன.

முடிவு: கணுக்கால் இல்லை. எல்சிஆர் வாங்கினேன், பாக்கெட் உறையில், கடைக்கு. கார்ப் பயணத்துக்குப் பி365ஐ இடுப்பிலேயே வைத்துக்கொள்ள, பெல்ட்டிலிருந்து சற்றே சாய்த்து வைக்கும் உறை ஒன்றை வாத்தியார் ஐயா தனிச் செய்தியில் சொன்னார், அதை முயல்கிறேன். தரைப் பெட்டகத்துக்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டான். வங்கிக்கு இனி மதியம் இரண்டரைக்குப் போவதில்லை. எப்போது போகிறேன் என்று இங்கே எழுதப் போவதும் இல்லை.

சிலிண்டர் சிவம் (டாலஸ்)

642 இல்லாவிட்டாலும் ஐந்து தோட்டா ரிவால்வர். வெற்றி வெற்றிதான்.

அண்ணா, வாட்கட்டரின் விளிம்பு கூர்மை, வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் வாயில் இடிக்கும். எனவே சிலிண்டரில் அது இருக்கட்டும், மறுபடி நிரப்பப் பட்டைக் கீற்றில் கோத்து வைத்துக்கொள்ளும் மாற்றுத் தோட்டா உருண்டைத்தலையாக இருக்கட்டும். இரண்டையும் ரேஞ்சில் கலந்து சுட்டுப் பாருங்கள், குறி எங்கே விழுகிறது என்று.

ரேஞ்ச் வாத்தியார் (ஹூஸ்டன்)

வீட்டில் பேரக்குழந்தைகள் வருவார்களா? டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டால் அது குற்றம். பாக்கெட் துப்பாக்கியில் இருக்கும் ஆபத்தே பேன்டோடு சேர்த்து நாற்காலியில் தொங்கவிடுவதுதான். படுக்கையறையில் விரல்ரேகைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், பேன்டைக் கழற்றும் முன் துப்பாக்கி அதற்குள் போகட்டும்.

கில்லீன் கிளாக்கர்

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ரேஞ்சில் கிளாக் 42 நெருக்கமாக விழுந்தது என்றீர்கள். பிறகு ஏன் எல்சிஆர்?

பங்க் பாண்டியன் (சான் அன்டோனியோ)

என் மனைவியும் கடையில் நிற்பார். கிளாக்கின் ஸ்லைடை இழுக்க அவர் விரல்களுக்கு வலுவில்லை, மூட்டுவாதம். எல்சிஆரின் சிலிண்டரைத் திறந்து மூட அவருக்கு வருகிறது. அடுத்த எல்டிசி வகுப்பில் அவர் பெயரையும் பதிந்திருக்கிறேன், ஐயா. சனிக்கிழமை காலை.

ரேஞ்ச் வாத்தியார் (ஹூஸ்டன்)

வரச் சொல்லுங்கள். ஐம்பது தோட்டா, மூன்று, ஏழு, பதினைந்து கஜம், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. குட்டைக் குழலில் பதினைந்து கஜம் அவருக்குச் சிரமமாக இருக்கும், தேர்வுக்கு உங்கள் பி365ஐக் கொடுத்தனுப்புங்கள். ஸ்லைடை நான் இழுத்துத் தருகிறேன்.